கிணற்றடிச் சுவரில் இருந்த நாய்

மண் கரைத்த தண்ணீர், மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தால் மூன்றாவது தடவை ஊற்றியும், கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. வேலாயி மாமனாரின் தாடையை முந்தானையால் துடைத்தாள். அவருடைய கண்கள் திறந்துதான் இருந்தன. கூரையைத் தாங்கும் உத்தரத்தையே அவை பார்த்துக்கொண்டிருந்தன.

“ஊர் மண்ணுக்கும் அசையலையே” என்றாள் பக்கத்து வீட்டு வடிவம்மா. “மணப்பாறை மண்ணுதானே இது? வேற எதையும் கரைச்சுப்புடலியே?”

“அவரே முடிஞ்சு வெச்சதுதான்க்கா.”

பதுளைக் கடைத்தெருவில் யாருக்காவது உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் வடிவம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். மனசு எதில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறதோ அதைக் கரைத்துக் கொடுத்தால் உயிர் தானாக இறங்கிவிடும் என்பாள். நிலத்தில் ஆசை வைத்தவனுக்கு மண். நகையில் ஆசை வைத்தவளுக்குப் பொன். நேற்றுப் பால் ஊற்றிப் பார்த்தாள். இன்று விடிந்ததும் தன் மோதிரத்தைக் கல்லில் உரசி அந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தாள். கொத்தனார் வீரய்யா எல்லாவற்றையும் வழியவிட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார். நல்லபடி நடமாடிய காலத்திலும் யார் கொடுத்ததையும் அவர் நல்லது என்று சொல்லி வாங்கியதில்லை.

சொந்த ஊரைப் பற்றி அவர் ஒருநாளும் ஆசையாகப் பேசியதில்லை என்பது வேலாயிக்குத் தெரியும். மண்ணுக்காக அந்த உயிர் நிற்கவில்லை. எதற்காக நிற்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பத்தொன்பது நாளாகக் கட்டிலுக்கும் அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

வீட்டின் பின்பக்கம், கிணற்றடியில், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒரு கருங்கல் நிற்கிறது. அதில் ஒரு நாயும் ஒரு காக்கையும் செதுக்கியிருக்கும். நாய்க்கு வால் சுருண்டிருக்கும். காக்கை அதன் தலைக்கு மேலே, கிழக்கே பார்த்தபடி.

முப்பது வருஷத்துக்கு முன்னால் முதலாளி தம்பையாப் பிள்ளை கடை வரிசை கட்ட ஆரம்பித்தபோது கல்லுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. வீரய்யாதான் ஆற்றங்கரைக் காட்டுக்குள் பழைய கட்டடம் ஒன்று விழுந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார். தூணும் படியும் தளக்கல்லுமாக, எந்தக் காலத்து ஆட்களோ கொத்தித் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்க ஆளில்லை. மாட்டுவண்டிகளில் வந்து இறங்கியது. இன்றைக்குக் கடைத்தெருவில் எந்த வாசற்படியில் கால் வைத்தாலும் அந்தக் காட்டுக் கல்லில்தான் வைக்க வேண்டும். சாக்கடைக்கு மேல் பாலமாகக் கிடப்பதும் அதுதான். துணி துவைப்பதும் அதில்தான். மாடு கட்டும் முளைகூட ஒரு காலத்தில் ஏதோ மண்டபத்தைத் தாங்கியது.

வேலை முடிந்தபோது பிள்ளை கடைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அதில் தனக்கென்று வீடு கட்டும்போதுதான் வீரய்யா அந்த நாய்த் தூணைக் கண்டெடுத்தார். நீளம் அதிகமாக இருந்ததால் இரண்டாக உடைத்தார். கீழ்ப்பாதியில் ஏதோ எழுத்து இருந்தது. அதைக் கவிழ்த்துத் தெருச் சாக்கடைக்கு மூடியாகப் போட்டார். மேல்பாதியில் நாயைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நாய் என்றால் வைரவர். காக்கை எதற்கு என்று கேட்டவர்களிடம் சனீஸ்வரன் துணைக்கு வந்திருக்கிறார் என்றார். முகம் வெளியே தெரிகிற மாதிரி மூலையில் நிறுத்தி, எண்ணெய் பூசிப் பொட்டு வைத்தார்.

அன்றிலிருந்து அந்தச் சந்துக்கே அந்த வைரவர்தான் சாமி. வடிவம்மாவுக்கு ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, இந்தக் கல்லுக்கு வடைமாலை சாத்துவதாக நேர்ந்துகொண்ட பிறகுதான் ஜெயராசா பிறந்தான். வெள்ளிக்கிழமை விளக்கு அவளுடையது. வேறு யாரையும் ஏற்ற விடமாட்டாள்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் பன்சலை என்கிற புத்த கோயிலின் சாது ஒருவர் கடைத்தெருப் பக்கம் வந்தவர், கால் கழுவத் தண்ணீர் கேட்டுக் கிணற்றடிக்கு வந்தார். கல்லைப் பார்த்தார். ஈரக் கையால் எண்ணெயைத் துடைத்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு வீரய்யாவிடம் சிங்களத்தில் பேசினார். வீரய்யாவுக்குச் சிங்களம் நன்றாக வரும்.

இது ராஜா காலத்துக் கல் என்றார் சாது. இந்த எல்லைக்குள் யாரும் தொல்லை கொடுக்கக் கூடாது என்று நட்டது. மீறியவனும் கல்லுக்குக் கேடு செய்தவனும் காக்கையாகவும் நாயாகவும் பிறப்பான். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்றுதான் படம். இதன் மிச்சம் எங்கே?

“தெரியாதுங்க” என்றார் வீரய்யா. அந்தச் சாக்கடை மூடி அவர் நின்ற இடத்திலிருந்து இருபது அடி.

சாது தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். கோபப்படவில்லை. அதுதான் வினை. அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் மாமனார் இரண்டு சத்தம் போட்டுவிட்டு அன்று மாலையே மறந்திருப்பார். அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஏற்கெனவே கல்தூசி தின்ற நெஞ்சு. அன்று மாலை படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

“காக்கான்னா பரவால்ல புள்ள” என்று ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது சொன்னார். “செத்தவன் எல்லாம் காக்காயாத்தான் வர்றான். நீயும் சோறு வைப்ப. நாய்தான்... கறிக்கடை வாசல்ல கிடந்து கல்லடி வாங்குற நாய்.”

“கல்லை எடுத்துக் காட்டுலயே கொண்டுபோய்ப் போட்டுருவோம் மாமா.”

“எடுத்தா உத்தரம் இறங்கிரும். அந்தப் பக்கச் சுவரே உக்காந்துரும். நான் வெச்ச கல்லு. எனக்குத் தெரியாதா?”

அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேலாயிக்கு எரிச்சலாக வந்தது. அவள் புருஷன் இராசையாவும் கொத்தனார்தான். அவனும் மூலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அப்பா சொல்றது சரிதான். முட்டுக் குடுத்தாலும் நிக்காது” என்றான். பூனாகலைத் தோட்டத்தில் தேயிலை ஸ்டோருக்கு அஸ்திவாரம் போடும் வேலை பாதியில் நின்றது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனான். போனவனுக்கு நேற்றுத்தான் வண்டிக்கார இப்றாஹீம் நானாவிடம் சொல்லியனுப்பியிருந்தாள். பிள்ளைகள் இரண்டையும் அவர் பெண்சாதி நளீரா தன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

கட்டின வீடு நிற்கிறது. கட்டினவர்தான் போக முடியாமல் கிடக்கிறார். கடைசிக் கஞ்சி உள்ளே போய் நாலு நாளாயிற்று. அவ்வப்போது நினைவு வந்து, “நாய் இருக்கா?” என்று கேட்பார். இருக்கிறது என்றால் கண்ணை உத்தரத்துக்குக் கொண்டுபோய்விடுவார். இல்லை என்று பொய் சொல்லலாம்தான். அவரோ சுவரைத் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷன்.

வடிவம்மா பாலாடையைக் கழுவிக் கவிழ்த்தாள். “இனிமே என்னத்தக் கரைக்கிறதுன்னு எனக்கே தெரியலடி.”

வேலாயி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து மாமனாரின் சுத்தியலையும் ஒரு சின்ன உளியையும் எடுத்தாள்.

“அம்மி கொத்துற நேரமாடி இது?”

“அம்மி இல்லக்கா. கல்லுல இருக்க அந்த நாயை எடுக்கப் போறேன். கல்லைத்தானே எடுக்க முடியாது.”

வடிவம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் வேறாகிவிட்டது. வேலாயியின் பின்னாலேயே கிணற்றடிக்கு வந்து கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“சாமி மேல உளி வைக்கிறியா நீ?”

“சாமி இல்லைன்னு அந்தச் சாது சொல்லிட்டாரேக்கா.”

“அவருக்கு என்ன தெரியும்? நான் கேட்டேன், குடுத்துச்சு. எம்புள்ள உசுரோட நிக்கிறான். அதைவிடவா உனக்குச் சாட்சி வேணும்?”

ஜெயராசா பிறந்த அன்று இந்தக் கல்லுக்கு முன்னால் வடிவம்மா விழுந்து கிடந்து அழுததை அவளும் பார்த்தவள்தான். சண்டை போடவும் தெம்பில்லை. “அக்கா” என்றாள். “உங்களுக்குக் குடுத்துச்சு. அவரைப் புடிச்சு வெச்சிருக்கு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

உள்ளேயிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் சன்னல் வழியாகக் கேட்டது. வடிவம்மா சன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு குனிந்து, கல்லுக்குக் கீழே மாடத்தில் இருந்த தன் விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நேரம் ஏழரை இருக்கும். வேலாயி எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் போட்டுத் துடைத்துவிட்டு, கீழே ஒரு துணியை விரித்து, அம்மி கொத்துகிற மாதிரியே உட்கார்ந்து, உளியை நாயின் வாலில் வைத்தாள். முதல் அடிக்குக் கல்லில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் விழுந்தது. நாலு அடி, ஐந்து அடி. கட்டில் அந்தச் சுவருக்கு உள்பக்கம் இருந்தது.

“யாரு?” என்று சன்னல் வழியாகக் குரல் வந்தது. ஒரு நாளாகப் பேசாதவர்.

“நான்தான் மாமா.”

“அம்மியா கொத்துற?”

“இல்ல. நாயைக் கொத்துறேன்.”

அவள் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கேடு பண்ணுனவனுக்குத்தான் அந்தப் பொறப்பு” என்றார் கடைசியாக. “உனக்கு வந்துருமே புள்ள.”

வேலாயிக்கு அது தோன்றாமல் இல்லை. சாம்பல் போட்டுத் துடைக்கும்போதே தோன்றியது. ஆனால் அதற்காகப் பயப்படக்கூட உடம்பில் மிச்சம் இருக்க வேண்டுமே.

“பதிமூணு வருஷமா இந்த வீட்டுல நாயாத்தான் ஒழைக்கிறேன்” என்றாள். “எனக்குப் புதுசா என்ன வந்துறப் போகுது.”

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, “உளியைச் சாய்ச்சுப் புடி” என்றார். “நேரா அடிச்சா வெடிப்பு உள்ள ஓடும். வெடிச்சா உத்தரம்.”

சாய்த்துப் பிடித்தாள். இப்போது சத்தம் மாறியது. செதில் செதிலாகக் கல் உதிர்ந்தது. வால் போயிற்று. பின்னங்கால் போயிற்று. வெயில் கிணற்றுச் சுவரைத் தாண்டி வந்தது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. உளி பிடித்த கையை ஈரத் துணியால் சுற்றிக்கொண்டாள். இடையிடையே உள்ளே போய் அவர் உதட்டை நனைத்துவிட்டு வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. காதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

“உளி மழுங்கிருச்சு. வேற எடு.”

“ம்.”

“கழுத்துல கல்லு மெதுவா இருக்கும். பாத்து.”

கழுத்தில் கல் மெதுவாகத்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தொட்ட கல் அவர் கையில் அப்படியே இருந்தது. ஒரு தடவை வெகுநேரம் சத்தமே வராமல் போனது. அவள் பயந்து, “மாமா” என்று கூப்பிட்டாள்.

“இருக்கேன். அடி.”

நாயின் கண்ணைத்தான் கடைசியாக எடுத்தாள். அது சின்னக் குழிதான். இருந்தாலும் அந்தக் குழி மறையும் வரைக்கும் சுற்றிலும் இறக்க வேண்டியிருந்தது. முடித்தபோது நிழல் காலடிக்கு வந்திருந்தது. காக்கை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, கறுத்த கல்லின் நடுவில், ஒரு முழ அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. அவள் அதைப் பார்த்தாள். எவனோ ஒருத்தன், எத்தனையோ காலத்துக்கு முன்னால், இதே மாதிரி வெயிலில் உட்கார்ந்து அந்த வாலைச் சுருட்டிச் செதுக்கியிருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. நின்று வெட்கப்பட நேரமில்லை. தரையில் விரித்திருந்த துணியிலிருந்து கல்மாவைக் கிள்ளி எடுத்துப் பாலாடையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள்.

“மட்டமா இருக்கா?” என்றார் அவர், அவள் உள்ளே நுழைந்ததும்.

“தடவிப் பாத்தேன் மாமா. அம்மி மாதிரி இருக்கு.”

“காக்கா?”

“அதைத் தொடல.”

“இருக்கட்டும்” என்றார். பிறகு, “அந்தச் சாது திரும்பி வந்தா, மிச்சம் எங்க கிடக்குன்னு சொல்லிரு.”

“சொல்றேன்.”

அவள் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துப் பாலாடையை உதட்டில் சாய்த்தாள். இந்தத் தடவை வழியவில்லை. தொண்டைக்குமிழ் ஒரு தரம் ஏறி இறங்கியது. கண்கள் உத்தரத்தை விட்டு இறங்கி, அவள் கையில் சுற்றியிருந்த துணிக்கு வந்து, அங்கேயே நின்றன. எப்போது போனார் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மடி கனத்தபோதுதான் தெரிந்தது.

இவர் போனதும் நாலு நாள் தூங்க வேண்டும் என்று அவள் எத்தனை தரம் நினைத்திருக்கிறாள். இப்போது அழுகை வரவில்லை, தூக்கமும் வரவில்லை. அந்தத் தலையை இறக்கி வைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

யாரோ உள்ளே வந்தார்கள். வடிவம்மா. சுத்தியல் சத்தம் நின்றதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். வேலாயியின் முகத்தைப் பார்க்காமல், ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து வீரய்யாவின் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். நெற்றியில் திருநீறு பூசினாள். செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டு, வெளியே போய்க் குரலெடுத்து அழுதாள். அதைக் கேட்டுத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

இராசையா பொழுது சாயும்போது வந்தான். பூனாகலையிலிருந்து பாதி தூரம் வண்டி, பாதி தூரம் நடை. அப்பாவின் காலைத் தொட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. வேலாயி போய்ப் பார்த்தாள். ஈர வேட்டியோடு மூலையில் நின்று அந்த வெள்ளைத் திட்டில் உள்ளங்கையை வைத்திருந்தான்.

“நீயா கொத்துன?”

“ம்.”

விரலால் மேல்விளிம்பைத் தடவினான். “இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் பிசிறு இருக்கு” என்றான். சொல்லிவிட்டு, நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். பெண்கள் சந்து முனையோடு நின்றார்கள். பாடையைத் தூக்கியவர்கள் தெருவுக்கு இறங்கும்போது சாக்கடை மூடி மேல் கால் வைத்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. எட்டுக் கால்களும் ஒவ்வொன்றாக அதை மிதித்துத் தாண்டுவதை வேலாயி பார்த்துக்கொண்டு நின்றாள். கல் அசையவில்லை. அதையும் அவர்தான் வைத்தார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. குழிமேட்டில் பால் ஊற்றிவிட்டு ஆண்கள் திரும்பியதும், வாழையிலையில் சோறும் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கிணற்றுச் சுவர் மேல் வைத்தார்கள். இராசையா கையைத் தட்டி, “கா, கா” என்று கூப்பிட்டான். இரண்டாவது கூப்பாட்டுக்கே ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. நாலு வாய் கொத்திக்கொண்டு பறந்தது.

“வந்துட்டாரு” என்றார்கள் எல்லோரும். இராசையாவின் முகம் தெளிந்தது. பந்திக்கு உட்காரப் போனார்கள்.

வேலாயி பாத்திரம் கழுவ அங்கேயே தங்கினாள். வடிவம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு சந்தில் வந்தாள். பழக்கத்தில் கால் இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு நேராக நடந்து, கோயில் இருக்கும் பக்கமாகப் போய்விட்டாள். வேலாயி குண்டானைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

சாம்பலைத் தொட்டுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. செவலை நாய் ஒன்று. புதியது ஒன்றுமில்லை. கறிக்கடை வாசலில் கிடக்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்னங்கால் ஒன்று நொண்டும். கிணற்றுச் சுவர் மேல் இருந்த இலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. கல்லடிக்குப் பழகிய நாய் என்பதால் இரண்டு எட்டு தள்ளியே நின்றது.

அவள் கை தானாகத் தரையில் ஒரு கல்லைத் தேடியது. அகப்பட்டது, நாயைக் கொத்திய அன்று உதிர்ந்த, விளிம்பு கூரான ஒரு செதில். அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். இலையை அப்படியே இரண்டு கையாலும் எடுத்து வந்து, மூலைக் கல்லுக்கு முன்னால் நிழலில் வைத்தாள். முள்ளை மட்டும் பொறுக்கி எடுத்தாள்.

நாய் ஒரு கண்ணை அவள் மேல் வைத்துக்கொண்டே அவசரமாகத் தின்றது.

“மெதுவாச் சாப்புடுங்க” என்றாள் வேலாயி.